அங்கே இருந்தவங்களைக் கேட்டாங்களா?

என் கணவருக்கு உலகப் போராக இருந்தாலும் சரி, தோட்டத்துத் திடலில் நடக்கும் பந்து விளையாட்டாக இருந்தாலும் சரி, முதலில் யார் பக்கம் நிற்பது என்று தெரிந்தாக வேண்டும். "நம்ம ஆளு யாரு, அத மொதல்ல சொல்லு" என்பார். நம்ம ஆள் என்று யாரும் இல்லை, இது பாடம் என்று நான் சொன்னால், "யாருமே இல்லாத சண்டைய எதுக்கு ஒக்காந்து படிக்கிற?" என்று கேட்பார். இப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் நவீன உலக அரசியல் வரலாறு படித்தேன்.

நான் மலேசியாவில், போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே சுவரில் ஒரு டிவி உண்டு. போர்வைகளை மடித்துக்கொண்டே செய்தி பார்ப்போம். எங்கேயோ குண்டு விழும். பிள்ளைகள் அழும். ஏன் விழுந்தது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த நிமிடம் வானிலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "யாராவது மொதல்லேர்ந்து சொல்லுங்களேன்டா!" என்று ஒருநாள் டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஒரே மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போய், வீடும் வெறிச்சோடிக் கிடந்த நேரம் அது. நாற்பத்து நான்கு வயதில் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தேன்.

ஞாயிறுதோறும் சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் வகுப்பு. டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. எங்கள் தோட்டம் சுவாவுக்கும் லுக்குட்டுக்கும் நடுவில் இருக்கிறது, எண்ணெய்க்குப் பழம் வெட்டும் செம்பனைத் தோட்டம். அங்கிருந்து அம்பாங்கானுக்கு நேரான பஸ் கிடையாது, எனக்குக் கார் ஓட்டவும் வராது. அதனால் அவர்தான் சாரதி. வாரம் முழுக்கப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் எனக்காக எங்கள் பழைய காரை ஓட்டினார். கூலி ஒன்றே ஒன்று. திரும்பி வரும்போது அன்றைய பாடத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். ஒன்றையும் விடாமல்.

ஐரோப்பியர்கள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கு போட்ட கதையைச் சொன்ன அன்று, காரின் வேகம் குறைந்தது.

"அங்க இருந்தவங்களக் கேட்டாங்களா?"

"எங்க?"

"ஆப்பிரிக்காவுல இருந்தவங்கள. பங்கு போடுறப்ப."

"இல்லைங்க. ஒருத்தரையும் கூப்பிடல."

"ஒரு நாற்காலிகூடப் போடலயா?"

"போடல."

"என்னா மனுசனுங்கலா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். அதோடு அந்தக் கேள்வி அவரிடம் ஒட்டிக்கொண்டது. எந்த ஒப்பந்தத்தைச் சொன்னாலும் அதையே கேட்பார். மத்தியக் கிழக்கில் கோடு போட்டார்களா? "அங்க இருந்தவங்களக் கேட்டாங்களா?" இந்தியாவைப் பிரித்தார்களா? கோடு போட்டவர் அதற்கு முன் அந்த நாட்டுப் பக்கமே வந்ததில்லையாம் என்று நான் சொன்னபோது, காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப்போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். அப்போது அவர் சிகரெட் பிடிப்பார்.

வழியில் லுக்குட்டில் பாய் கடையில் தேத்தண்ணீர். பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். நான் சொன்ன பாடம் சூடு ஆறுவதற்குள் இவர் பாயிடம் ஒப்பிப்பார். அதில் பாதி இவர் சொந்தச் சரக்கு. முதல் உலகப் போரில் செத்தவர் இரண்டாவதில் எழுந்து வந்து வசனம் பேசுவார். அமெரிக்கக்காரரும் ரஷ்யக்காரரும் சம்பந்தி வீட்டுச் சண்டை போடுவார்கள்.

"அண்ணே, அந்தச் சண்ட முடிஞ்சிருச்சுன்னு போன வாரம் சொன்னீங்களே?" என்பார் பாய்.

"அது வேற சண்டலா. இது குண்டே போடாம நடந்த சண்ட. நீங்க ரொட்டியப் பாருங்க, கருகுது."

நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் வாழ்க்கையில் வேறெதையும் அனுபவித்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அரிசி, கரண்ட் பில், மகன் படிப்பு தவிர எதைப் பற்றி அவ்வளவு பேசியிருக்கிறோம்? எங்களுக்குப் பேச ஒரு முழு உலகமே கிடைத்தது.

படிப்பின் கடைசி வருடத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பழம் இறக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே லோரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே நின்ற நான், எங்கள் தோட்டத்து மாரியம்மனிடம் சொன்னேன்: "இந்த மனுசன நடந்து வீட்டுக்கு வர வை. ஆடித் திருவிழாவுல நான் தீச்சட்டி எடுக்குறேன்." சொல்லும்போது மிரட்டுகிற மாதிரிதான் சொன்னேன். என் குரலே அப்படி. அம்மன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். சிகரெட் போச்சு, லோரி போச்சு, பாய் கடை ஆட்டுக்கறி போச்சு. லோரிகளை எடை போடும் மேடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. கொஞ்ச நாளில் மறுபடியும் காரை எடுத்துவிட்டார்.

ஆடி வந்தது. எனக்குக் கடைசியாக ஒரே ஒரு தாள் பாக்கி. அதுதான் உலக அரசியல் வரலாறு. தேர்வு முடிந்த பிறகுதான் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு என்று பார்த்து வைத்திருந்தேன். தேர்வைத் தள்ளி வைத்தார்கள். மண்டபத்தில் ஏதோ கோளாறு என்றார்கள், புதுத் தேதி பின்னால் வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை எனக்குக் காப்பு கட்டினார்கள். சனிக்கிழமை காலையில் கைப்பேசியில் சேதி வந்தது: தேர்வு வரும் வியாழக்கிழமை.

காப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மஞ்சள் நனைத்த நூலை, மஞ்சள் துண்டோடு சேர்த்துப் பூசாரி நம் கையில் கட்டுவார். கட்டிக்கொண்டவர் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை பெரிய லோங்காங், சாலைக்குப் போகிற பாலத்துக்குக் கீழே ஓடும் சாக்கடைக் கால்வாய். நான் ஹோட்டலிலும் லீவு சொல்லிவிட்டேன். மீறித் தாண்டினால் என்ன ஆகும்? வேண்டுதல் கெட்டுப்போகும். என் வேண்டுதல் யாருக்காக? அதற்கு மேல் நினைக்கவே எனக்குப் பயம்.

தேர்வுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெளிவாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் பாடத்திட்டம் மாறுகிறது. அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அந்தத் தெம்பு எனக்கு இல்லை என்று எனக்கே தெரியும். இப்போது விட்டால் பட்டம் போனதுதான். ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரே ஒரு நிமிடம். போகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டு, மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டார். பிறகு எழுந்து கை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

பூசாரி அண்ணன் எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுக் கோயில் வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். இவர் போனதும் ஆரம்பித்துவிட்டார்.

"பூசாரி, இந்த லோங்காங் எல்லைய யாரு போட்டது?"

"எல்ல எல்லதான். காலங்காலமா இருக்கு."

"அதெல்லாம் இல்ல. வெள்ளக்காரத் தொர போட்டது. அவன் மேப்புல கோடு இழுத்தான், லோங்காங்க வெட்டினான். அங்க இருந்தவங்களக் கேட்டானா? மாரியம்மாவக் கேட்டானா?"

பூசாரி அண்ணன் வேப்பிலையைக் கீழே வைத்தார். "யாரு வேணா வெட்டட்டும். ஆத்தா ஒத்துக்கிட்டா. ஒத்துக்கிட்ட பெறகு நீங்க யாரு கேக்க?"

"ஒத்துக்கிட்டாளா, வேற வழி இல்லாம சும்மா இருந்தாளா? வரலாற்றுல ரெண்டும் வேற வேற."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்பாங்கான் மாடியில் நான் படித்ததெல்லாம் இப்படி மாரியம்மன் வாசலில் வந்து நிற்கும் என்று யார் கண்டது? "போதும், வாங்க வீட்டுக்கு" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பூசாரி அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தங்கச்சி, இவருக்கு நீ என்னாதான் சொல்லிக் குடுக்குற?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான்தான் பேசினேன். பட்டம் வந்து என்ன கிழிக்கப் போகிறது, போர்வைதானே மடிக்கப் போகிறேன், நீங்க இருந்தால் போதும், வீம்பு பண்ணாமல் இருங்க என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் முன்னால் நடந்துகொண்டே இருந்தார். வீட்டுப் படியில் ஏறும்போது மூச்சு வாங்க நின்றார்.

"அந்த வேண்டுதல் யாருக்கு?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

"என் உசுருக்கு நீ ஆத்தாகிட்ட ஒப்பந்தம் போட்ட. சரி, அப்ப நான் மயக்கத்துல கெடந்தேன். இப்ப எனக்காக உன் படிப்ப விடுறேன்னு இன்னொரு ஒப்பந்தம் போடுற. இப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்? என்னைக் கேட்டியா?"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு அந்த ஞாயித்துக்கெழம வேணும் புள்ள" என்றார். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப, அந்த சூயஸ் கால்வாய் கத என்னாச்சுன்னுதான் மொதல்ல நெனப்பு வந்துச்சு. அது பாதியில நிக்குதேன்னு. அப்புறம் நீ புதுப் பாடத்துக்குப் போயிட்ட, அது இன்னும் அப்படியே நிக்குது. நீ பாதியில விட்டா எனக்கும் பாதியில நிக்கும்."

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் பூசாரி அண்ணன் தானாகவே வீட்டுக்கு வந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "கட்டுன காப்ப நடுவுல அவுத்துப் போட முடியாது. ஆனா யாருக்காக வேண்டிக்கிட்டதோ அவங்க கையில மாத்திக் கட்டலாம். எங்க அப்பா காலத்துல ஒரு தடவ செஞ்சிருக்காங்க. மாத்துனா மாத்துனதுதான், திரும்ப வராது. தீச்சட்டியும் அவர்தான் எடுக்கணும்" என்றார்.

"குடுங்க" என்று இவர் உடனே கையை நீட்டினார்.

நான் குதித்தேன். நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு நெருப்பைத் தூக்குவாராம்! ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். கனம் தூக்கக் கூடாது, வெயில் ஆகாது, நிதானமாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்கள். சின்னச் சட்டி, வெயில் இறங்கிய பிறகு, வரிசை வீடுகள் இருக்கும் லயத்தை ஒரு சுற்று மட்டும் என்று பூசாரி அண்ணன் ஒப்புக்கொண்டார். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சரி என்று நான் தலையை ஆட்டிய பிறகுதான் பூசாரி அண்ணன் என் கைநூலைத் தொட்டார்.

வியாழக்கிழமை வந்தது. காப்பு இப்போது அவர் கையில். அதனால் சாரதியால் லோங்காங்கைத் தாண்ட முடியாது. அக்கம்பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் கையிலெல்லாம் மஞ்சள் நூல். லுக்குட்டிலிருந்து பாய் காரோடு வந்து நின்றார். "எனக்கு உங்க எல்ல இல்லையே அக்கா, ஏறுங்க" என்றார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். என் கணவர் பாலம்வரை நடந்து வந்தார். சிமெண்டு விளிம்பில் செருப்பு நுனி படாமல் பார்த்து நின்றுகொண்டு, "பேனா ரெண்டு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். அவர் இல்லாமல் நான் ஒரு தேர்வுக்கும் போனதில்லை. கார் திரும்பும்வரை நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் பாய் ரேடியோவை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "அக்கா, அந்த சூயஸ் கால்வாய் என்னாச்சு? அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனதுல அப்படியே நின்னுபோச்சு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எகிப்து அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டதில் தொடங்கி, மூன்று நாடுகள் படையோடு வந்ததும், பிறகு பின்வாங்கிப் போனதும் என்று அம்பாங்கான் வரை சொல்லி முடித்தேன்.

காலனி ஆட்சிகள் வரைந்த எல்லைகளைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. மலாய் மொழியில் பக்கம் பக்கமாக எழுதினேன். கடைசியில், அந்த மேசைகளில் எதிலுமே அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஒரு நாற்காலி போடவில்லை என்று எழுதி முடித்தேன். அது யாருடைய வாக்கியம் என்று திருத்தியவருக்குத் தெரிந்திருக்காது. பாஸ் ஆகிவிட்டேன், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனசு அடித்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பி வந்தபோது அவர் பாலத்தின் தோட்டத்துப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு, இப்பதான் வந்தேன் என்றார். பொய். சட்டை வேர்த்து முதுகில் ஒட்டியிருந்தது.

தீச்சட்டி நாளன்று பெண்கள் அவருக்கு எடுத்து வைத்திருந்த சட்டியைப் பார்த்துவிட்டு, "என்னா இது, சாம்பிராணி போடுற கிண்ணமா?" என்று ரோசப்பட்டார். வெயில் இறங்கியதும் மஞ்சள் வேட்டியோடு, கையில் வேப்பிலை விரித்து, அதன் மேல் சட்டியை வாங்கிக்கொண்டார். மேளம் முன்னே போனது. நான் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்திலேயே நடந்தேன். என் கண் நெருப்பில் இல்லை, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதில்தான் இருந்தது.

முதல் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலும் ஒன்று. அதற்கடுத்த வீட்டிலும். லயம் முழுக்க, கோலத்துக்குப் பக்கத்தில், வாசலுக்கு ஒன்றாக நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். யார் சொல்லி வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குக் கண்ணை மறைத்தது. வழி தெரியாமல் தண்ணீரை அவர் காலில் ஊற்றுவதற்குப் பதிலாக என் காலிலேயே ஊற்றிக்கொண்டேன்.

அவர் முதலில் எதிலும் உட்காரவில்லை. வீம்பு. ஆனால் பாதி லயத்தில் நடை தளர்ந்தது. "உக்காருங்க" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அப்ப கதையாவது கேளுங்க" என்று, காரில் பாய்க்குச் சொன்னதை மேளச் சத்தத்துக்கு மேலே அவர் காதில் கத்தினேன். படை வந்து இறங்கியது என்ற இடத்தில் ஒரு வாசலில் நின்று மூச்சு வாங்கினார். அங்கே கிடந்த நாற்காலியில் கடைசியில் உட்கார்ந்தார். மேளக்காரர்கள் நின்ற இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டம்மா விசிறினார். படை பின்வாங்கியது என்றதும், "ஆங், அப்புடிப் போடு" என்று எழுந்தார். மீதி லயத்தை ஒரே மூச்சில் நடந்தார்.

கோயிலில் சட்டியை இறக்கினார்கள். திருவிழா முடிந்த மறுநாள் காலை, காப்பு அவிழ்க்க எல்லோரும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது பூசாரி அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்து, வழக்கமாகக் கேட்பது போல, "அவுக்கலாமா?" என்றார்.

அவர் கையை இழுத்து என் பக்கம் நீட்டினார்.

"அவளக் கேளுங்க பூசாரி."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பூசாரி அண்ணனும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நூலுக்குக் கீழே நாடி துடித்துக்கொண்டிருந்தது, நிதானமாக, நல்லபடியாக. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "அவுத்துடுங்க அண்ணே" என்றேன்.